வால்வா, டிரான்ஸிஸ்டரா? ஒரு சவுண்டு பஞ்சாயத்து

ஆடியோ பைத்தியங்களிடையே ஓயாத சண்டை ஒன்று உண்டு. வால்வு ஆம்ப்ளிஃபயர் உசத்தியா, டிரான்ஸிஸ்டர் உசத்தியா? ஊரில் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் ரேடியோ செட் கட்டின என் மாமா வால்வு கட்சி. "டிரான்ஸிஸ்டர்ல சத்தம் வரும் மாப்ள, உயிர் வராது" என்பார். எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டுப் பொட்டி தட்டும் நான், அந்த உயிர் எங்கேதான் இருக்கிறது என்று நோண்டிப் பார்த்தேன்.

எந்த ஆம்ப்பும் உள்ளே போனதை மட்டும் வெளியே தராது. கூடவே கொஞ்சம் சொந்தச் சரக்கும் சேர்க்கும். அதுதான் டிஸ்டார்ஷன். நல்ல டிரான்ஸிஸ்டர் ஆம்ப்பில் இது 0.01% கூட இருக்காது. ஒற்றை டிரையோடு வால்வு ஆம்ப்பை முழுசாய்த் திருகினால் சில சதவீதம் வரை போகும். அப்போ வால்வு அவுட்டா? அங்கதான் மேட்டரே இருக்கு. எவ்வளவு சேர்கிறது என்பதைவிட எது சேர்கிறது என்பதே முக்கியம்.

ஸ வாசித்தால் இரண்டாவது ஹார்மானிக் மேல் ஸ. மூன்றாவது, அதற்கும் மேலே உள்ள ப. ஐந்தாவது அந்தர காந்தாரம். எல்லாம் சொந்தக்காரங்க. ஏழாவதுதான் எந்த ஸ்வரத்திலும் சரியாய் உட்காராத ஆள். ஒற்றை டிரையோடு பெரும்பாலும் இரண்டாவதைத்தான் சேர்க்கும். காதுக்கு உறுத்தாது, சத்தம் கொஞ்சம் செழிப்பாய்த் தெரியும். (இரண்டு வால்வு போட்ட புஷ்-புல்லில் இரண்டாவது பெருமளவு கேன்சல் ஆகிவிடும், அது தனிக்கதை.)

லிமிட்டைத் தாண்டும்போதுதான் நிஜமான வித்தியாசம். வால்வு, அலையின் தலையை மெதுவாய் மழுக்கும். ஃபீட்பேக் நிறையப் போட்ட டிரான்ஸிஸ்டர், கத்தியால் சீவின மாதிரி வெட்டும். அந்தக் கூரான விளிம்பில் ஏழும் ஒன்பதும் கும்பலாய் வந்து சேரும். திருவிழாவில் வால்யூமை முழுசாய்த் திருகிவிடுகிற மாமாவுக்கு வித்தியாசம் கேட்டதில் ஆச்சரியமே இல்லை. போதாக்குறைக்கு, வால்வு ஆம்ப்பின் அவுட்புட் இம்பீடன்ஸும் பொதுவாக அதிகம். ஸ்பீக்கரைப் பொறுத்து, டோன் கன்ட்ரோலைத் தொடாமலே டோன் மாறும்.

சரி, இதையே டிரான்ஸிஸ்டரில் செய்ய முடியாதா? 1985-ல் பாப் கார்வர் செய்து காட்டினார். ஸ்டீரியோஃபைல் பத்திரிகை ஒரு விலையுயர்ந்த வால்வு ஆம்ப்பைக் கொடுத்தது. 48 மணி நேரத்தில் தன்னுடைய டிரான்ஸிஸ்டர் ஆம்ப்பை அதே மாதிரி ஒலிக்க வைத்தார். பத்திரிகை ஆசிரியர்களால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை!

ஆக, மாமா சொல்கிற உயிர் பொய்யில்லை. ஆனால் அது பாட்டில் இருந்ததில்லை, ஆம்ப் தூவின மசாலா. கிடார் வாசிப்பவருக்கு அந்த மசாலாவும் வாத்தியத்தில் ஒரு பாகம், தாராளமாய் வாங்கலாம். வீட்டில் பாட்டு கேட்க மட்டும், ஹோம் லோனுக்கு நடுவே இரண்டு மாசச் சம்பளத்தை வால்வு ஆம்ப்பில் போடலாமா என்று ஆபீஸ் நண்பர் ஒருவர் கேட்கிறார். அவருக்கு என் பதில்: முதல்ல ஸ்பீக்கரை மாத்துங்க பாஸ். உங்க டிரான்ஸிஸ்டர் ஆம்ப்பைவிடப் பல மடங்கு டிஸ்டார்ஷன் அங்கதான் இருக்கு.