படத்தைக் காட்டு... மரத்தைக் காட்டாதே!

ராத்திரி எட்டு மணி. திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு மண் ரோடு. எந்த ஊர்? சொல்ல மாட்டேன், காரணம் கடைசியில்!

டார்ச்சில் சிவப்பு கண்ணாடி பேப்பர் சுற்றி நாலு பேர் நடக்கிறோம். வேலி மரத்தில் திடீர்னு ரெண்டு நெருப்புப் பொட்டு... தேவாங்கு! பூச்சிகளைத் தின்று விவசாயிக்கு உதவுகிற சாது. மாந்திரீகம், மருந்துன்னு அதைப் பிடிக்கிற கூட்டமும் உண்டு. அதைக் காக்கத்தான் 2022-ல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களின் 11,806 ஹெக்டேர் காடு, கடவூர் தேவாங்கு சரணாலயம் ஆனது. இந்தியாவிலேயே முதல்!

நண்பன் உடனே போட்டோவை குரூப்பில் போடப் போனான். கூட வந்த பெரியவர் தடுத்தார். "படத்தைக் காட்டு தம்பி, மரத்தைக் காட்டாதே."

லொகேஷனை ஆஃப் பண்ணி, மாவட்டம் பேரை மட்டும் போட்டோம். ஷேர் பண்ணுங்க பாஸ்... அட்ரஸ் மட்டும் வேண்டாம்!