வந்தவர் போனபின்

தெமோதரையிலே புகையிரதப் பாதை தன் நிலையத்தைச் சுற்றி வளைந்து, அதன் அடியிலுள்ள சுரங்கத்தினூடாகவே செல்கின்றது. அத்துணைச் சரிவான மலையில் தோட்டத்துச் சிறுவர்க்குச் சமதரை ஏது? அடித்த பந்து தேயிலைச் செடிகளுக்கிடையே உருண்டோடிவிடும்.

எங்கள் தோட்டத்திற்குக் கடல்கடந்து வந்த கிறித்தவ இளைஞர் சிலர், பத்து நாள் தங்கிச் சிறுவர்க்குக் கரப்பந்தாட்டம் பயிற்றினர். வேதக் கதைகளும் கூறினர். மொழி அறியாதிருந்தும் ஒவ்வொரு பிள்ளையையும் அவர்கள் பெயர் சொல்லி அழைத்தமை என் நெஞ்சைத் தொட்டது. லயத்துப் பிள்ளைகளுக்கு அத்தகைய மதிப்பு எளிதிற் கிட்டுவதன்று. ஆயினும் அவர்கள் சென்றபின் வலை மூலையிற் கிடந்தது, பந்து காற்றிழந்தது. ஆட்ட விதிகளை முற்றும் அறிந்தார் ஒருவருமிலர்.

ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் 1920இல் சென்னையில் வை.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவினார். அவர் விளையாட்டைக் கற்பித்ததோடு அமையாது, அதனைக் கற்பிக்கும் ஆசிரியர்களையும் உருவாக்கினார். 1943இல் அவர் மறைந்தார்; கல்லூரி நிலைத்தது.

பத்து நாளே தங்குவோரும் இவ்வழியைப் பின்பற்றலாம். தோட்டத்து இளைஞர் இருவரையேனும் பயிற்றுநராக்கிச் செல்வாராயின், மறுநாள் மாலையும் ஆட்டம் தொடரும். தொண்டின் பயனை அந்த மறுநாளிலேயே அளத்தல் வேண்டும்.