முதல் லென்ஸ் யாருக்காக?

கல்யாணத்துக்குப் பழுப்பு, நீலம் என்று கண்ணில் லென்ஸ் மாட்டிக்கொள்வது எங்கள் தேனி மாவட்டக் கூடலூரிலும் வந்துவிட்டது. அதனால், தங்கை மகளுக்கு டாக்டர் கான்டாக்ட் லென்ஸ் எழுதிக்கொடுத்தபோது, "வயசுப் பிள்ளைக்கு இந்த அலங்காரமெல்லாம் எதுக்கு?" என்றார்கள் உறவுக்காரர்கள். அவளுக்குக் கெரட்டோகோனஸ். கருவிழி மெலிந்து கூம்பாகப் புடைக்கும் நோய் அது. மூக்குக்கண்ணாடியை எத்தனை முறை மாற்றியும் எழுத்துகள் கலங்கியே தெரிந்தன. "மொதல்ல இத யாருக்காகச் செஞ்சாங்க மாமா?" என்று கேட்டாள். அதைத்தான் தேடிப் போனேன்.

எதைப் புரட்டினாலும் 1508, டாவின்சி என்றே தொடங்குகிறது. நீருக்குள்ளிருந்து கண் எப்படிப் பார்க்கும் என்று அவர் ஆராய்ந்தது உண்மை. பார்வைக் குறையைத் தீர்ப்பது அவர் நோக்கமல்ல.

எனக்கு விடை கிடைத்தது 1887இல். ஜெர்மனியில் வீஸ்பாடன் நகரத்து முல்லர் குடும்பத்தார் செயற்கைக் கண் செய்பவர்கள். இமையை இழந்த ஒரு நோயாளியின் கண் காய்ந்து கெட்டுப்போகாமல் இருக்க, மெல்லிய கண்ணாடி ஓடு ஒன்றை ஊதிக் கொடுத்தார்கள். மறு வருஷம் சூரிக்கில் டாக்டர் ஃபிக், பார்வைக்காகவே அப்படியொன்றைச் செய்து, முயல்களுக்கும் பிறகு தன் கண்ணுக்கும் பொருத்திப் பார்த்தார். கூம்பு விழிக்காரர்களை மனத்தில் வைத்தே முயன்றார். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் இடையே அவர் நிரப்பியது திராட்சைச் சர்க்கரைக் கரைசல்! பன்னீர் திராட்சை விளையும் எங்கள் பள்ளத்தாக்கில் உட்கார்ந்து அதைப் படித்தபோது அவ்வளவு சந்தோஷம்.

அந்த ஓட்டைச் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியவில்லை. கருவிழிக்கு ரத்தக் குழாய் கிடையாது. காற்றிலிருந்து கண்ணீர் வழியாகத்தான் அதற்கு ஆக்சிஜன். கண்ணாடி அதை அடைத்துவிட்டது. 1948இல் கருவிழியை மட்டும் மூடும் சிறிய பிளாஸ்டிக் லென்ஸ் வந்தது. 1961 கிறிஸ்துமஸ் சமயம், செக் நாட்டு வேதியியலாளர் ஓட்டோ விக்டர்லே பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்களையும் சைக்கிள் டைனமோவையும் இணைத்து, நீரை உறிஞ்சும் மென்மையான லென்ஸை வீட்டிலேயே வார்த்தெடுத்தார். என் மருமகளுக்குக் கொடுத்திருப்பது காற்று ஊடுருவும் கெட்டி லென்ஸ். அதைப் போட்டதும் பஸ் போர்டை அவளே படித்தாள்.

இப்படி லென்ஸ் தேவைப்படுவது நம் வட்டாரத்துக்கு அந்நியமான சங்கதியும் அல்ல. 1996இல் வெளியான ஓர் ஆய்வு, மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாகக் கணக்கிட்டது. ஆய்வு நடந்தபோது தேனியும் அந்த மாவட்டம்தான். வயல் வேலையில் தூசி துரும்பு பட்டு வரும் புண்களே அதிகம். ஆறிய பிறகும் தழும்பால் கருவிழி மேடுபள்ளமானவர்களில் சிலருக்குக் கெட்டி லென்ஸ் பார்வையைத் திருப்பித் தரும்.

லென்ஸ் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அழகுக்கானாலும் டாக்டரிடம் கண்ணைக் காட்டிவிட்டே வாங்குங்கள், அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள். குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள். வாய்க்காலில் இறங்குமுன் கழற்றிவிடுங்கள். தண்ணீரிலுள்ள ஒருவகை அமீபா கருவிழியையே அழித்துவிடும். கண் சிவந்து வலித்தால் லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.