பின்னம்

திண்டுக்கல் பேகம்பூரில் நாம் பாடம் சொல்லிக்கொடுக்கும் மதரஸாவின் முற்றத்தில், நம் வண்டி நிற்கும் இடத்தில், ஒருநாள் காலை எண்ணெய் சொட்டியிருந்தது. உள்ளங்கை அளவுதான் இருக்கும். ஆயினும் அது, ஒளுச் செய்த ஈரக்காலுடன் சிறுபிள்ளைகள் நடந்து செல்லும் தரை. மண்ணள்ளிப் போட்டு மூடினோம். மறுநாளும் சொட்டியிருந்தது. மூன்றாம் நாள் நமக்குச் சினம் வந்தது. அந்தச் சினத்தின் கதையைத்தான் இங்கே எழுதுகிறோம்.

வண்டி, நம் அத்தா 1984-இல் வாங்கிய புல்லட். தோல் வணிகத்தின் பொருட்டு அதில் அவர் போகாத ஊரில்லை. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் பிறந்த அந்த வண்டி, 1955-இல் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தாரின் கூட்டுறவால் என்ஃபீல்டு இந்தியா என்ற பெயரில் நம் நாட்டுக்குக் குடிவந்து, சென்னைத் திருவொற்றியூரில் உருவாகத் தொடங்கியது. பிறந்த வீட்டில் 1970-ஐ ஒட்டி உலை அணைந்துவிட்ட பிறகும் புகுந்த வீட்டில் அணையவில்லை. அத்தா மறைந்தபின் வண்டி நம் கைக்கு வந்தது. வாரம் மூன்று நாள் மதுரைச் சாலையில் சின்னாளப்பட்டி வரை அதில்தான் போய் மாலை வகுப்பு நடத்தி வருகிறோம்.

எண்ணெய் கசிந்தது எஞ்சினின் தலைப்பகுதியில். புல்லட்டின் எஞ்சினில் எரிபொருள் கலவை உள்ளே வர ஒரு வால்வும், எரிந்த புகை வெளியேற ஒரு வால்வும் உண்டு. பழைய ஜாவா, எஸ்டி, ராஜ்தூத் வண்டிகளில் இவை இல்லை. அவற்றின் அமைப்பே வேறு. புல்லட் எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 முறை சுற்றினால், ஒவ்வொரு வால்வும் 1,000 முறை திறந்து மூடும். அவற்றை அழுத்தித் திறக்கின்ற ராக்கர் கைகள் எண்ணெயில் நனைந்தபடியே ஆட வேண்டும். அந்த எண்ணெய் வெளியே தெறிக்காமலும், சாலைப் புழுதி உள்ளே போகாமலும் காப்பவை இரண்டு அலுமினிய மூடிகள். ஒவ்வொன்றையும் நடுவே ஒற்றை நட்டு பிடித்திருக்கும். அடியில் மெல்லிய பேக்கிங். மூடியில் கசிவுதானே என்று இருந்துவிடலாகாது. சூடான சைலன்சர் குழாயில் விழும் எண்ணெய் புகையும். பின்சக்கரத்தில் படிந்தால் வளைவில் வண்டி வழுக்கும். அளவு மிகக் குறைந்தால் எஞ்சினே இறுகிப்போகும்.

பதினைந்து நாள் முன்னர்தான் அந்த மூடியில் இலேசான ஈரம் கண்டு, பழக்கமான பட்டறையில் பேக்கிங் மாற்றியிருந்தோம். பட்டறைக்காரன் முப்பது வயதுக்கு உட்பட்ட இளைஞன். பிள்ளைப்பருவத்தில் நம்மிடம் ஓதியவன். நேரே அங்கே சென்றோம். தேநீர் குடித்துக்கொண்டு ஐந்து பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னிலையிலேயே, "காசு வாங்கிக்கொண்டு செய்கிற வேலையா இது? உனக்கு ஓதிக்கொடுத்தது இதற்குத்தானா?" என்று கேட்டோம். இரண்டாம் கேள்வி எவ்வளவு கொடியது என்பது அப்போது நமக்கு உறைக்கவில்லை. அவன் முகம் வாடியது. "உட்காருங்க ஹஜ்ரத், பார்க்கிறேன்" என்று மட்டும் சொன்னான்.

குனிந்து, நட்டின் மீதிருந்த அழுக்கைத் துணியால் துடைத்தான். மஞ்சள் சாயக் கோடு ஒன்று தெரிந்தது. வேலை முடிந்ததும் நட்டிலிருந்து மூடிவரை ஒரே கோடாகச் சாயம் இழுத்துவிடுவது அவன் வழக்கம். நட்டு நகர்ந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். இப்போது மூடியின் மேலிருந்த கோடு ஓரிடத்திலும், நட்டின் மேலிருந்த கோடு கால் சுற்றுத் தள்ளியும் நின்றன. தளர்ந்த பக்கமாக அன்று, இறுகிய பக்கமாக. அவன் ஒன்றும் சொல்லவில்லை. நம்மை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

நமக்கு நினைவு வந்தது. பேக்கிங் மாற்றிய நான்காம் நாள் மீண்டும் ஈரம் கண்டு, வீட்டிலிருந்த நீண்ட ஸ்பானரை எடுத்து, இஷாவுக்குப் பின் விளக்கொளியில் நாமேதான் அந்த நட்டை முடுக்கினோம். 'டிக்' என்று ஓர் ஒலி கேட்டதும் உண்மை. நன்றாக இறுகிவிட்டது என்ற மனநிறைவுடன் உறங்கச் சென்றோம்.

அவன் மூடியைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவி உலர்த்தினான். மேற்புறம் சாக்பீஸ் பூசி, உட்புறம் மண்ணெண்ணெய் தடவி வைத்தான். சற்று நேரத்தில் வெள்ளைப் பரப்பில் மயிரிழை போன்ற ஈரக்கோடு எழுந்தது. நட்டு அமரும் துளையிலிருந்து விளிம்பை நோக்கி இரண்டு விரற்கடை நீளம். "புது மூடி வாங்கிப் போட்டுடலாம் ஹஜ்ரத்" என்றான். நாமும் சரி என்றிருப்போம். ஆனால் கழுவிய மூடியின் உட்புறத்தில் ஆணியால் கீறிய எழுத்துகள் தெரிந்தன: அரபுத்தமிழில் அத்தாவின் பெயரும், 1989 என்ற ஆண்டும். எஞ்சினைப் பிரித்த ஒரு பொழுதில் அவர் கீறியிருக்க வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எண்ணெயில் ஊறிக்கிடந்த கையெழுத்து. "இதையே சரிசெய்ய முடியுமா?" என்று கேட்டோம். நம் குரல் தாழ்ந்திருந்தது.

நாகல்நகர்ப் பக்கம் ஒரு முதியவரிடம் அழைத்துப்போனான். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு நெடுங்காலம் முன்பே பூட்டுப் பட்டறையை விட்டு வெல்டிங் தொழிலுக்கு வந்துவிட்டவர் அவர். முதலில் அவர் நெருப்பைத் தொடவில்லை. விரிசல் ஓடி நின்ற முனையில் சிறு துளையொன்று இட்டார். "இது போடலேன்னா, பாய், நாம ஒட்ட ஒட்ட அது ஓடிக்கிட்டே இருக்கும்" என்றார். பிறகு விரிசல் நெடுகிலும் வாய்க்கால் போல் அகழ்ந்தார். சூடு காட்டி, உலோகத்தின் நுண்துளைகளில் ஊறிய எண்ணெயைப் புகையாக வெளியேற்றினார்.

இரும்பு உருகுமுன் சிவந்து எச்சரிக்கும். அலுமினியம் அவ்வாறு காட்டிக்கொடுக்காது. 660 பாகையில் சட்டென்று இளகி ஒழுகிவிடும். அதன் மேற்பரப்பில் காற்றால் படியும் துருப்படலமோ 2,000 பாகைக்கு மேலும் உருகாது. ஆகவே அவர் சோப்புக் கட்டியால் ஒரு கோடு இழுத்து, அது கருகும் நிறம் கொண்டு சூட்டைக் கணித்தார். ஆர்கன் வாயு காற்றை அண்டவிடாமல் காத்து நிற்க, பள்ளத்தைச் சிறுகச் சிறுக நிரப்பினார். முடிந்ததும் சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிட்டார். அத்தாவின் பெயரில் இறுதி எழுத்து ஒன்று மட்டும் உருகி மறைந்துபோயிற்று.

ஆறும்வரை காத்திருந்தபோது நம் மனம் வகுப்பறைக்குச் சென்றது. அரபியில் கஸ்ர் என்றால் முறிவு. கணக்கில் பின்னத்துக்கும் அதுவே பெயர். தமிழிலும் அவ்வாறே, கணக்கில் பின்னம் என்போம். உடைந்த பொருளையும் பின்னப்பட்டது என்போம். முறிந்ததைச் சேர்த்தல் ஜப்ர். 9-ஆம் நூற்றாண்டில் அல்-குவாரிஸ்மி தம் கணித நூலின் பெயரில் வைத்த அச்சொல்லே ஐரோப்பியர் நாவில் அல்ஜீப்ரா ஆயிற்று. எலும்பு முறிவுக்குக் கட்டும் மட்டை ஜபீரா. அதன்மேல் ஈரக்கையால் தடவி ஒளுவை நிறைவாக்கும் சட்டத்தை ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். இத்தனையும் அறிந்த நாம், அன்று காலை ஒரு பிள்ளையின் மனத்தை முறித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தோம்.

பட்டறைக்குத் திரும்பியதும் அவன் கண்ணாடிப் பலகை மேல் எமரித் தாளை விரித்து, மூடியின் விளிம்பை எட்டு வடிவில் தேய்த்துச் சமன் செய்தான். பின்னர், முதல் ஈரம் ஏன் வந்தது என்று தேடினான். எஞ்சினின் மூச்சுக்குழாய் கசடேறி அடைத்திருந்தது. உள்ளே அழுத்தம் போக வழியின்றி எண்ணெயைப் பேக்கிங் வழியே தள்ளியிருக்கிறது. எவ்வளவு முடுக்கினாலும் நிற்காத கசிவு அது. "இது என் தப்பு ஹஜ்ரத். அன்னைக்கே பார்த்திருக்கணும்" என்றான்.

அவன் தன் பிழையை யாரும் கேளாமலே ஒப்புக்கொண்டான். நம் பிழை இன்னும் நம் வாய்க்குள் இருந்தது. எழுந்து நின்றோம். காலையில் இருந்தவர்களில் மூவர் அங்கே இருந்தார்கள். "மூடியை உடைத்தது இந்தக் கைதான். இவனைச் சொன்ன சொல் பொய்" என்று அவர்கள் கேட்கச் சொல்லி, அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். "விடுங்க ஹஜ்ரத்" என்று அவன் நம் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் விட்டாலும் நாம் விடுவதற்கில்லை. அடியானின் உரிமையை அடியானிடமே தீர்க்க வேண்டும். பலர் முன் வைத்த பழி, தனியே கேட்கும் மன்னிப்பால் கழியாது. மீதி இருவரை மறுநாள் தேடிப்போய்ச் சொல்லிவிட்டு வந்தோம்.

புதிய பேக்கிங் இட்டு மூடியைப் பொருத்தியபின், ஸ்பானரை நம்மிடம் நீட்டினான். குட்டை ஸ்பானர். விரல்களின் வலுவுக்கு மேல் போகாமல் முடுக்கினோம். "போதும்" என்றான். நிறுத்தினோம். அவன் மஞ்சள் கோடு இழுத்தான்.

முற்றத்தின் தரை இப்போது உலர்ந்திருக்கிறது. ஒட்டிய தழும்பு வெளியே தெரிகிறது. சாயம் பூசி மறைக்கட்டுமா என்று அவன் கேட்டான். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.