ஐந்து இராத்திரிகள்

இலட்சுமணன் பதினான்கு வருஷம் வனத்தில் கண் துஞ்சாமல் காவல் இருந்தான் என்றும், அவன் பங்குத் தூக்கத்தையும் சேர்த்து ஊர்மிளை அயோத்தியில் தூங்கித் தீர்த்தாள் என்றும் கதை சொல்வார்கள். இந்த ஏற்பாட்டில் நமக்குப் பலமான சந்தேகம் உண்டாகியிருக்கிறது. ஆறு தடவை, தடவைக்கு ஐந்து இரவுகள் வீதம், நாமே தூங்காமல் இருந்து பார்த்துவிட்டோம். நமது வீட்டு ஊர்மிளை நமக்காக ஒரு நாழிகை கூட அதிகமாகத் தூங்கவில்லை. எதிர்ச் சுவரில் சாய்ந்து அவளும் விழித்துக்கொண்டுதான் இருந்தாள்.

நமக்கு வந்தது நிணநீர்க் கணுக்களில் உண்டாகும் புற்றுநோய். லிம்போமா என்று அதற்குப் பெயர். கோவில்பட்டியிலிருந்து மதுரைக்குப் போய், அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் 21 நாட்களுக்கு ஒரு முறை மருந்து ஏற்றிக்கொண்டு மாலையில் ஊர் திரும்புவோம். மருந்துகள் நான்கு. அவற்றில் மூன்று இரத்தக் குழாய் வழியே இறங்குபவை. ஒன்று குங்குமத்தைக் கரைத்தாற்போல் சிவப்பாக இருக்கும். இன்னொன்றான வின்கிறிஸ்டீன் நமக்குப் பழக்கமான செடியிலிருந்து வந்தது. நித்தியகல்யாணி என்றும் சுடுகாட்டு மல்லி என்றும் சொல்கிறோமே, அதுதான். அதற்குப் பிறந்தகம் மடகாஸ்கர் தீவு. ஆனால் நம் தென் மாவட்டங்களின் மானாவாரி நிலங்களிலும் பயிராகி, இலையும் வேரும் கப்பலேறியதுண்டு. சுடுகாட்டுப் பூ மனிதனைச் சுடுகாட்டுக்குப் போகவொட்டாமல் மறிக்கப் பார்க்கிறது! இந்த மருந்து குடலைக் கட்டிப் போடும். அதை இளக்குவதற்கு டாக்டர் கொடுத்த மாத்திரை நிலாவாரையில் செய்தது. நம் சம்சாரிகள் அதை அவுரி என்பார்கள். மேல்நாட்டு மருந்து நூல்களில் திருநெல்வேலிச் சென்னா என்றே அதற்குப் பெயர். ஒரு செடி கட்ட, மற்றொரு செடி அவிழ்க்க, நடுவில் நாம் கிடந்தோம்.

நாலாவது மருந்துதான் இந்தக் கட்டுரையின் கதாநாயகன். பிரட்னிசொலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரை. தினம் 100 மில்லிகிராம், ஐந்து நாள். பிறகு அடுத்த தவணை வரையில் கிடையாது.

முதல் தவணையின் முதல் இரவு பத்து மணிக்குப் படுத்தோம். பன்னிரண்டு அடித்தது. இரண்டு அடித்தது. களைப்பு இல்லை, வலி இல்லை. உடம்பு தகிக்கிறது, முகம் சிவந்திருக்கிறது, மனம் மட்டும் தறிகெட்ட மாட்டு வண்டி போல் ஓடுகிறது. 1978-ல் பருத்தி என்ன விலை போயிற்று என்பதிலிருந்து, செப்பனிடாத கிணற்றுச் சுவர் வரையில் எல்லாம் ஞாபகம் வந்தன. விடியுமுன் நெல்லை எக்ஸ்பிரஸ் ஸ்டேஷனுக்குள் வரும் சத்தம் கேட்டது. அப்போதும் நாம் புதுக் கருக்கு அழியாமல் விழித்திருந்தோம்.

இதற்குக் காரணம் கேட்டபோது டாக்டர் பொறுமையாக விளக்கினார். சிறுநீரகங்களின் உச்சியில் இரண்டு சிறு சுரப்பிகள் இருக்கின்றன. அவை கார்ட்டிசால் என்ற ஒரு சத்தை நாள்தோறும் சுரக்கின்றன. விடியற்காலையில் அதிகம் சுரந்து நம்மை எழுப்பி விடுவதும், நடுநிசியில் அநேகமாக ஓய்ந்து தூங்க விடுவதும் அதன் வழக்கம். ஒரு நாள் முழுவதும் உடம்பு சுரப்பதற்கு ஏறக்குறைய 5 மில்லிகிராம் பிரட்னிசொலோன் சமம். நாம் விழுங்கியதோ அதைப் போல் இருபது மடங்கு! இருபது விடியற்காலைகள் ஒரே சமயத்தில் உள்ளே புகுந்தால் தூக்கம் எந்த வாசல் வழியாக வரும்?

இந்த ஜாதி மருந்துக்கு உலகம் ஒரு காலத்தில் ஆரத்தி எடுத்தது. 1948-ல் அமெரிக்காவில் மேயோ ஆஸ்பத்திரியில் பிலிப் ஹெஞ்ச் என்பவர், மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோன் ஊசி போட்டார். சில தினங்களில் அவள் எழுந்து நடந்தாள். 1950-ல் அவருக்கும் கெண்டால், ரைக்ஸ்டைன் என்ற இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அதற்குள்ளேயே முகம் உப்புவதும், மனம் நிலைகொள்ளாமல் தவிப்பதும் நோயாளிகளிடம் தெரிய ஆரம்பித்துவிட்டன. வேறு வகைப் புற்றுநோய்க்காரர்களுக்கு வாந்தியைத் தடுக்கவும், சில மருந்துகள் உடம்புக்கு ஒவ்வாமல் போவதைத் தடுக்கவும் டெக்ஸாமெதாசோன் என்ற இதன் சகோதரனைக் கொடுக்கிறார்கள். அதன் வேகம் ஒன்றரை நாளுக்குக் குறையாமல் இருக்குமாம். ஆகவே இந்தக் கஷ்டம் நமக்கு மட்டும் ஏற்பட்ட தனிச் சொத்தல்ல.

தூங்காததைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கோபம் இருக்கிறதே, அதுதான் வீட்டைப் பிடித்து ஆட்டியது. மூன்றாவது தவணையின் நாலாம் நாள், காப்பியில் சர்க்கரை இல்லை என்று டம்ளரைத் தள்ளிவிட்டோம். பேத்தி பயந்து தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். பார்க்க வந்திருந்த மைத்துனர், "அத்தான், தூக்கத்தைக் கெடுக்கிற இந்த மாத்திரை எதுக்கு? ஊசி மூணும்தான் போட்டாச்சே. இதை நிறுத்திப்போடுங்க" என்றார். அன்பினால் சொன்னதுதான். ஆனால் நமது நோயில் இந்த மாத்திரை வெறும் எடுபிடி அல்ல. நோயணுக்களைக் கொல்லும் நால்வரில் அதுவும் ஒன்று. பல நாள் தொடர்ந்து சாப்பிடுகிறவர்கள் திடீரென்று நிறுத்தினால் உடம்பின் சொந்தச் சுரப்பு எழுந்திருக்காமல் ஆபத்தாகவும் முடியும். டாக்டரைக் கேளாமல் கை வைக்க வேண்டாம் என்று நம் மனைவி தம்பியிடம் கண்டிப்பாகச் சொன்னாள்.

அவள் அத்துடன் நிற்கவில்லை. பேத்தியின் பழைய பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்துக் கோடு போட்டாள். எந்த நாள், மாத்திரை எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் தூக்கம், என்ன கோபம், என்ன பசி. ("கோபம்" என்ற பத்திக்கு மட்டும் இடம் போதவில்லை.) இரண்டு தவணைக்கு எழுதிய பிறகு நோட்டு தானாகவே பேசியது. ஐந்து இரவுகள் கொதிப்பு. ஆறாம் ஏழாம் நாட்களில் கை கால் அடித்துப் போட்டாற்போல் சோர்வு, காரணமில்லாத அழுகை. எட்டாம் நாள் பழைய மனிதர். "இந்தாங்க, பாருங்க. இது உங்க கோபம் இல்லை, மாத்திரையோட கோபம்" என்றாள். அந்த ஒரு வார்த்தை நமக்குச் செய்த உபகாரத்தை வேறெந்த மருந்தும் செய்யவில்லை.

டாக்டரும் நோட்டைப் படித்துச் சில மாறுதல்கள் செய்தார். மாத்திரை முழுவதையும் காலைப் பலகாரத்துக்குப் பின் எட்டு மணிக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். மாலைக்கு மிச்சம் வைக்கக் கூடாது. மத்தியானத்துக்கு மேல் காப்பி கிடையாது. வயிற்றெரிச்சலுக்கு ஒரு மாத்திரை. அந்த ஐந்து இரவுகளுக்கு மட்டும் சிறிய அளவில் தூக்க மருந்து. மைத்துனர் வீட்டு அலமாரியில் இருக்கும் தூக்க மாத்திரையைக் கடன் வாங்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொன்னார். இன்னொன்று முக்கியம்: ஸ்டீராய்டு காய்ச்சலை மூடி மறைக்கும். ஆகையால் உடம்பு சூடு 100.4 டிகிரியைத் தொட்டால் நடுநிசியானாலும் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும்.

பசியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இரவு இரண்டு மணிக்குப் பகாசுரப் பசி எடுக்கும். வீட்டிலே இருப்பதோ கடலை மிட்டாய். 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம். கோவில்பட்டிக்காரன் அதை மறுப்பது தேசத் துரோகம் என்று நம்புகிறவர்கள் நாம். ஆனால் இந்த மருந்து இரத்தத்தில் சர்க்கரையை மத்தியானத்துக்குமேல் கிடுகிடுவென்று ஏற்றிவிடும். நமக்கு 290 வரையில் போயிற்று. மிட்டாய் டப்பா பக்கத்து வீட்டுக்குக் குடியேறியது. பதிலாக அவித்த கடலையும் மோரும் வந்தன.

தூக்கம் வராவிட்டால் படுக்கையில் புரண்டு சண்டை போடாமல், எழுந்து வேறிடத்தில் மங்கலான வெளிச்சத்தில் அமர்ந்து, சுவாரஸ்யமில்லாத வேலை ஏதாவது செய்யும்படி டாக்டர் சொல்லியிருந்தார். ஆகவே நிலக்கடலை உரித்தோம். இந்த ஊருக்கு இராத்திரி வேலை புதிதல்ல. யந்திரங்கள் வருமுன் எத்தனையோ வீடுகளில் பெண்கள் விளக்கடியில் உட்கார்ந்து நடுநிசி வரை தீப்பெட்டி ஒட்டினார்கள். அவர்களுடைய தூக்கமின்மைக்கு வியாதி என்று யாரும் பெயர் வைக்கவில்லை. கூலிதான் வைத்தார்கள், அதுவும் குறைவாக. கடலை ஒரு படி சேர்வதற்குள் சில நாள் கண் சொக்கும். சில நாள் இரண்டு படியும் சேரும்.

நாலாவது தவணையின் பத்தாம் நாள் இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தது. மாத்திரை நின்று ஐந்து நாள் ஆகிவிட்டது. முகத்தில் சூடு இல்லை, பசி இல்லை. மனம் ஓடவில்லை, ஒரே இடத்தில் கல்லாக உட்கார்ந்திருந்தது.

"இன்னிக்கு மாத்திரை இல்லையே?" என்றாள் அவள் இருட்டில்.

"இல்லை" என்றோம்.

அவள் விளக்கைப் போடவில்லை. கடலையையும் எடுத்து வைக்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அதுவரையில் பேசாத விஷயங்களைப் பேசினோம். கூட்டுறவு பாங்கியில் நிலத்தின் பேரில் வாங்கிய கடன் எவ்வளவு, பத்திரம் எந்தப் பெட்டியில், நாம் இல்லாவிட்டால் ஓடைக்கரைத் துண்டை விற்கலாமா கூடாதா. விற்க வேண்டாம், குத்தகைக்கு விடலாம் என்பது அவள் அபிப்பிராயம். அவள் சொன்னதுதான் சரி என்று பட்டது. பேசி முடித்தபோது நெல்லை எக்ஸ்பிரஸ் போய்விட்டிருந்தது. பிறகு ஒன்பது மணி வரையில் தூங்கினோம்.

நோட்டில் அன்றைய வரி இப்படி இருந்தது: "மாத்திரை இல்லை. இரண்டு மணி. பேசிக்கொண்டிருந்தோம்." டாக்டர் அதைப் படித்தார். அதற்கு மருந்து எழுதவில்லை. ஐந்தாவது தவணைக்குத் தேதி குறித்துக் கொடுத்தார்.