வாலாஜாபாத்: மணலுக்கு அடியில் தண்ணீர் வைத்திருக்கும் ஊர்

ஊரப்பாக்கத்தை அடுத்த வண்டலூரில் தொடங்கி மேற்கே போகும் சாலையில் படப்பை, ஒரகடம் தாண்டினால் வாலாஜாபாத். வழியில் முதல் பாதி முழுக்கத் தொழிற்சாலை மதில்களும் கண்டெய்னர் லாரிகளும்தான். ஒரகடத்துக்குப் பிறகுதான் ஏரிக்கரை, பனைமரம், நெல் வயல் என்று கண்ணுக்குப் பழக்கமான காட்சி வரும். சாலை முடியும் இடத்தில் பாலாற்றின் வடகரையில் இருக்கிறது ஊர். மேற்கே காஞ்சிபுரம், கிழக்கே செங்கல்பட்டு. இரண்டுக்கும் நடுவே ஒரு பேரூராட்சி, ஒரு ரயில் நிலையம், ஒரு கடைவீதி. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் கிராமங்களுக்கும் இதுதான் சந்தைக்கும் உரக்கடைக்கும் வங்கிக்கும் வந்து போகும் ஊர்.

வெளியூர்க்காரர்கள் பலர் இதை வாலாஜாபேட்டையோடு குழப்பிக்கொள்வார்கள். அது ராணிப்பேட்டை மாவட்டத்தில், இதே பாலாற்றின் மேல்பகுதியில் இருக்கிறது. இரண்டு ஊர்களுக்குமே ஆற்காடு நவாப் முகமது அலியின் 'வாலாஜா' என்ற பட்டப்பெயர்தான் பெயரைக் கொடுத்தது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே ஆங்கிலேயப் படை முகாம் இருந்தது. நெசவும் துணி வியாபாரமும் நடந்தன. முகாம் போய்விட்டது. நெசவு மட்டும் காஞ்சிபுரம் போகும் வழியில் உள்ள அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டை பக்கம் இன்னும் மிச்சமிருக்கிறது.

ஆனால் ஊரை உண்டாக்கியது நவாபும் இல்லை, முகாமும் இல்லை. ஆறுதான். அதுவும் வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் தண்ணீரே ஓடாத ஆறு.

பாலாறு கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறக்கிறது. மொத்த நீளம் 348 கிலோமீட்டர். அதில் கர்நாடகத்தில் 93, ஆந்திராவில் 33, மீதி 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில். கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் அருகே கடலில் கலக்கிறது. மேலே பேத்தமங்கலம் போன்ற ஏரிகள் நிரம்ப வேண்டும். ஆந்திராவில் குப்பம் பகுதித் தடுப்பணைகள் நிரம்ப வேண்டும். அதற்குப் பிறகுதான் வாணியம்பாடிக்கே தண்ணீர். 1892-இல் மைசூர் சமஸ்தானமும் சென்னை மாகாணமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் பாலாறும் உண்டு. ஆனாலும் ஒப்பந்தத்தை நம்பி நாற்று விட்டவர் யாரும் வாலாஜாபாத் பக்கம் இல்லை. வாலாஜாபேட்டை அருகே உள்ள பழைய அணைக்கட்டு, ஆற்றில் வருவதைக் கால்வாய்களில் பிரித்துக் காவேரிப்பாக்கம் போன்ற பெரிய ஏரிகளுக்கு அனுப்பிவிடும். அதையும் தாண்டி வருவதுதான் கீழே உள்ளவர்களுக்கு.

ஆனாலும் வாலாஜாபாத்துக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. ஊருக்குக் கிழக்கே சில கிலோமீட்டரில் திருமுக்கூடல். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வரும் செய்யாறும் காஞ்சிபுரம் வழியாக வரும் வேகவதியும் அங்கே பாலாற்றில் சேருகின்றன. மேலே பாலாறு பொய்த்த வருஷங்களிலும் ஜவ்வாது மலையில் நல்ல மழை பெய்தால் செய்யாறு கைகொடுக்கும். அந்தக் கூடுதுறையில் உள்ள வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்து, அதாவது 11-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கோயிலோடு சேர்ந்து 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை ஒன்று நடந்ததையும், வைத்தியருக்கும் மற்றப் பணியாளர்களுக்கும் கூலி நெல்லாக அளக்கப்பட்டதையும் அது சொல்கிறது. மூன்று ஆறு கூடும் இடத்தில் அத்தனை நெல் விளைந்திருக்கிறது என்பதுதான் விவசாயிக்கு அதில் உள்ள செய்தி.

இந்த வட்டாரத்தில் நெல்லுக்கு மூன்று பட்டம்: சம்பா, நவரை, சொர்ணவாரி. சம்பா வடகிழக்குப் பருவமழையை நம்பியது. வருஷ மழை சராசரியாக 1,200 மில்லிமீட்டர் அளவில் இருப்பதால் பெரும்பாலும் தப்பித்துவிடும். மார்கழி, தையில் நடும் நவரைக்கு ஏரித் தண்ணீர். ஊருக்கு வடக்கே உள்ள தென்னேரி மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று. அது நிரம்பிக் கலங்கல் வழிந்தால் நவரை பற்றிக் கவலை இல்லை. கேள்வி சொர்ணவாரிக்குத்தான். சித்திரையில் நாற்று விட வேண்டும். அப்போது ஏரிகள் வெடித்துக் கிடக்கும். மழை இல்லை. கிணறுதான் கதி. அந்தக் கிணற்றுக்குத் தண்ணீர் கொடுப்பது ஆற்று மணல்.

மணல் எப்படித் தண்ணீர் வைத்திருக்கும் என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். ஆற்றின் பெருமணலில் மணலுக்கும் மணலுக்கும் இடையே உள்ள சந்துகளில் தண்ணீர் தங்கும். அதில் நாம் இறைத்து எடுக்கக் கூடியது கன அளவில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஏக்கர் ஆற்றுப் படுகையில் மூன்று மீட்டர் ஆழத்துக்கு மணல் இருந்தால், அது ஒரு முறை நிறைந்தால் ஏறக்குறைய 24 லட்சம் லிட்டர். ஒரு ஏக்கர் நெல்லுக்கு 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும். அது 48 லட்சம் லிட்டர். ஆக இரண்டு ஏக்கர் மணல், ஒரு ஏக்கர் சொர்ணவாரி. நிலக்கடலை என்றால் பாதித் தண்ணீர்கூட ஆகாது. ஒரு ஏக்கர் மணல் போதும், கொஞ்சம் மிச்சமும் இருக்கும்.

ஏரியோடு ஒப்பிட்டால் இதன் அருமை தெரியும். பங்குனி, சித்திரை வெயிலில் ஏரித் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். மணலில் மேல் இரண்டு, மூன்று அடி காய்ந்துவிட்டால் அதற்குக் கீழே வெயில் எட்டாது. தூர் வார வேண்டியதில்லை. மதகு உடையாது. கரை காவல் வேண்டாம். இவ்வளவு மலிவான நீர்த்தேக்கத்தை எந்தப் பொறியாளரும் கட்டிக் கொடுக்க முடியாது.

பம்புசெட் வருவதற்கு முன் இந்தத் தண்ணீரை எடுத்த விதம் இன்றைய இளைஞர்களுக்குக் கதையாகத் தோன்றலாம். ஆற்று மணலில் நீளமாகக் கால் வெட்டுவார்கள். ஆறு சரியும் அளவைவிடக் குறைந்த சரிவில் வெட்டிக்கொண்டே போனால், ஊறும் தண்ணீர் சில கிலோமீட்டரில் கரை மட்டத்துக்கு வந்து வயலுக்குத் தானாகப் பாயும். இதற்கு ஊற்றுக்கால் என்று பெயர். வெள்ளம் வந்தால் கால் தூர்ந்துவிடும். மறு வருஷம் ஆயக்கட்டுக்காரர்கள் வீட்டுக்கு ஒரு ஆள் என்று கூடி மீண்டும் வெட்டுவார்கள். எண்ணெய் என்ஜின் வந்து, பிறகு மின் மோட்டார் வந்து, விவசாயத்துக்கு இலவச மின்சாரமும் வந்த பிறகு அந்தக் கூட்டு வேலை தேவையற்றதாகிவிட்டது. ஒவ்வொருவரும் தன் தன் கிணற்றுக்குள் தனியாக இறங்கினார்கள். ஊற்றுக்காலில் ஆற்றின் மட்டம் இறங்கினால் ஊருக்கே தெரியும். கிணற்றில் இறங்கினால் அவரவர் பக்கவாட்டில் துளை போட்டுச் சமாளித்துக்கொள்வார்கள். நஷ்டம் என்று பார்த்தால் இதுதான் பெரிய நஷ்டம்.

பிறகுதான் மணலுக்கே விலை வந்தது. சென்னையும் புறநகரும் வளர வளர, பாலாற்று மணல் லாரி லாரியாக ஏறியது. 2003-இல் மணல் குவாரிகளை அரசே ஏற்று நடத்தத் தொடங்கியது. அதற்கு முன்னும் பின்னும், அனுமதியோடும் அனுமதி இல்லாமலும் அள்ளியது கொஞ்சமல்ல. மூன்று யூனிட் ஏற்றும் ஒரு லாரியில் போவது ஏறக்குறைய எட்டரை கன மீட்டர் மணல். அதோடு சேர்ந்து 1,700 லிட்டர் தண்ணீர் தங்கும் இடமும் போகிறது. ஒரு தடவைக்கு அல்ல. ஆறு நிரம்பும் ஒவ்வொரு தடவைக்கும் அந்த 1,700 லிட்டர் கணக்கில் இருக்காது. மணல் விலையில் இதை யாரும் சேர்த்ததில்லை.

பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறதே என்று கேட்கலாம். நிற்கும், ஆனால் திறந்து கிடப்பதால் ஆவியாகும். ஆற்றின் மட்டம் தாழ்ந்தால் கரையோரக் கிணறுகளின் நீர், பள்ளத்தை நோக்கி இறங்கும். முன்பு ஆறு கிணற்றுக்குக் கொடுத்தது. இப்போது கிணறு ஆற்றுக்குக் கொடுக்கிறது. களிமண் தட்டு வரை சுரண்டிய இடங்களில் வெள்ளம் வந்தாலும் ஊற இடமில்லை. வழுக்கிக்கொண்டு வயலூரை நோக்கி ஓடிவிடும். இழந்த மணல் மேலிருந்து வெள்ளத்தோடு வந்து சேர்ந்தால்தான் உண்டு. அணைக்கட்டுகளும் தடுப்பணைகளும் அதில் பெரும்பகுதியை மேலேயே பிடித்துக்கொள்கின்றன.

இதே மணல் ஊற்றுக்குப் போட்டியும் பெரிது. காஞ்சிபுரம் நகரத்துக்கு ஓரிக்கைப் பகுதியில் கிணறுகள். தாம்பரம், பல்லாவரம் பக்கம் குழாயில் 'பாலாற்றுத் தண்ணீர்' என்று வருவதும் இந்தப் படுகையிலிருந்துதான். கடைசியில் கல்பாக்கம் அணுமின் நிலையமும் நல்ல தண்ணீருக்குப் பாலாற்றைத்தான் நம்பியிருக்கிறது. குடிநீருக்குக் குறுக்கே நிற்கும் விவசாயி எவரும் இல்லை. ஆனால் நகரத்துக் குழாய்க்கும் தன் மோட்டாருக்கும் ஒரே மணல்தான் தண்ணீர் கொடுக்கிறது என்பதை இரு தரப்பும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

எங்கோ பெய்த மழையை நம்பிக் கரையில் வாழும் ஊர்கள் உலகத்தில் வேறு இடங்களிலும் உண்டு. சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே சாஹேல் என்னும் வறண்ட பட்டையில், செனகல் ஆற்றின் கரையில் போதோர் என்று ஒரு சிறு நகரம். வாலாஜாபாத்துக்கு நவாப் காலத்து முகாம் போல, அதற்கும் ஐரோப்பிய வியாபாரிகளின் பழைய கோட்டை உண்டு. அவர்கள் வாங்கியது வேல மரப் பிசின். அங்கே மழை, நமக்குக் கிடைப்பதில் கால் பங்கு அளவுதான். ஆற்றுத் தண்ணீர் வெகு தெற்கே கினி நாட்டு மலைகளில் பெய்தது. வெள்ளம் வடிய வடிய, ஈரம் காயாத கரை நிலத்தில் பின்னாலேயே சோளம் விதைத்துக்கொண்டு போவார்கள். உழவும் இல்லை, பாசனமும் இல்லை. வெள்ளம் ஏறும் நிலத்துக்கு ஒரு பெயர், ஏறாத மேட்டுக்கு ஒரு பெயர். 1970-களிலும் 80-களிலும் கடும் பஞ்சம் வந்தது. 1988-இல் மேலே மாலி நாட்டில் மனந்தாலி அணை கட்டி முடிக்கப்பட்ட பிறகு வெள்ளத்தின் அளவும் காலமும் மாறிப்போனது. சோளம் குறைந்து, பம்பு வைத்து நெல் போடும் வயல்கள் பெருகின. பம்புக்கு டீசல் வேண்டும், உரம் வேண்டும், கடன் வேண்டும். அங்கே வெள்ளம் மேலே நின்றுபோனது. இங்கே தேக்கமே லாரியில் போனது. இரண்டிலும் கரையில் இருப்பவன் கையை மீறித்தான் நடந்தது.

2021 நவம்பரில் ஆறு தன் பழைய அளவைக் காட்டியது. பாலாற்றில் நொடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் வந்தது. 1903-க்குப் பிறகு இப்படி இல்லை என்றார்கள். வாலாஜாபாத்தையும் அக்கரை அவளூரையும் இணைத்த தரைப்பாலம் அடித்துச் செல்லப்பட்டது. அவளூர், அங்கம்பாக்கம், இளையனார்வேலூர் என்று பாலாற்றுக்கும் செய்யாற்றுக்கும் நடுவே இருக்கும் கிராமங்களுக்கு அந்தப் பாலம்தான் குறுக்கு வழி. பால் கேன், காய்கறி மூட்டை, பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. பாலம் போனதைப் பேசியவர்களே, வெள்ளம் வடிந்த பிறகு கிணற்றில் தண்ணீர் மேலே வந்துவிட்டதையும் பேசினார்கள்.

பழையசீவரம் அருகிலும், கீழே வல்லிபுரத்திலும், கடல் முகத்தில் வயலூரிலும் அண்மை ஆண்டுகளில் தடுப்பணைகள் வந்திருக்கின்றன. வயலூரில் உள்ளதன் முக்கிய வேலை உப்புநீர் உள்ளே ஏறாமல் தடுப்பது. மற்றவை வெள்ளத்தைக் கொஞ்ச நாள் நிறுத்தி ஊற விடுகின்றன. பயன் இருக்கிறது, அணைக்கு மேல்பக்கம் உள்ள கிணறுகளில் அது தெரிகிறது. ஆனால் தடுப்பணை நிறுத்தும் தண்ணீர் ஊறுவதற்கு அடியில் மணல் வேண்டும்.

இதற்கிடையில் ஊரின் பொருளாதாரம் சத்தமில்லாமல் கிழக்கே திரும்பிவிட்டது. காலையில் ஒரகடம் தொழிற்சாலைப் பேருந்துகள் கிராமம் கிராமமாக வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகின்றன. நாற்று நடவுக்கு ஆள் கிடைப்பதில்லை. இயந்திர நடவும் அறுவடை இயந்திரமும்தான். வண்டலூர் சாலையோர நிலங்களில் மனைக் கற்கள் நடப்பட்டிருக்கின்றன. சுற்றியுள்ள குன்றுகளில் கல்குவாரியும் கிரஷரும்; ஆற்று மணலுக்குப் பதில் எம்-சாண்ட் வந்தது ஆற்றுக்கு நல்லதுதான், அந்தத் தூசி படியும் வயல்காரருக்கு அப்படிச் சொல்ல முடியாது. மாதச் சம்பளம் வரும் வீடுகளிலும் அப்பாவோ அம்மாவோ நெல்லை விடவில்லை. சாப்பாட்டுக்கு ஆகிறது, மாட்டுக்கு வைக்கோல் ஆகிறது, மிச்சம் கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது.

மாட்டுப் பொங்கலன்று காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் வாலாஜாபாத் வழியாகப் பழையசீவரத்துக்குப் பார்வேட்டைக்கு எழுந்தருளி, பிறகு ஆற்றைக் கடந்து திருமுக்கூடல் போவார். கூட்டத்தோடு போகும் பெரியவர்கள் ஆற்றையும் ஒரு பார்வை பார்ப்பார்கள். தை மாதத்தில் நடுவாற்றில் தண்ணீர் நடமாடினால் சொர்ணவாரிக்கு நம்பிக்கை உண்டு.

அந்தப் பார்வையோடு ஒரு அளவையும் சேர்த்துக்கொள்ளலாம். பங்குனி முதல் வாரத்தில், இரண்டு நாள் மோட்டார் போடாமல் நிறுத்திவிட்டுக் கிணற்றின் நீர்மட்டத்தைக் கயிறு விட்டு அளந்து, மோட்டார் கொட்டகைச் சுவரில் தேதியோடு எழுதி வைக்க வேண்டும். போன வருஷ அளவைவிட நல்ல இறக்கம் இருந்தால், முழு நிலத்துக்கும் குண்டு நெல் நாற்று விடாமல், பாதியில் கோ 51 போன்ற குறுகிய கால ரகத்தை நீர் மறைய நீர் கட்டும் முறையில் வைத்து, மீதியில் நிலக்கடலை அல்லது உளுந்து போடலாம். விதை இருப்பை அறிய, நாற்று விடுவதற்குப் பதினைந்து நாட்களுக்கு முன்பே வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.