மதர்போர்டைக் கேட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள்

பழைய கம்ப்யூட்டர் மெதுவாக ஓடினால், ப்ராசஸரை மாற்றிவிடலாம் என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றுகிறது. ஆசையில் தவறில்லை. ஆனால் புதிதாக வருவதைச் சுமக்கப்போவது பழைய மதர்போர்டு. அதன் சம்மதம் கேட்காமல் காசைக் கொடுத்துவிடக் கூடாது. இதை நான் கற்றுக்கொண்டது கோவில்பட்டியில் கம்ப்யூட்டர் பழுதுபார்த்துவந்த ஒரு நண்பரிடம்.

தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதியவன் நான். பேரேட்டை விட்டு டேலிக்கு மாறிய நாளிலிருந்து எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரை அவர்தான் பார்த்துக்கொண்டார். எனக்கு ஊர் புதூர். 2012ல் எங்கள் தெருவில் ஒரு தம்பி ஜெராக்ஸ் கடை வைத்து, கல்யாணப் பத்திரிகையும் கோவில் கொடை நோட்டீசும் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவனிடம் இருந்தது பென்டியம் 4. போட்டோஷாப்பைத் திறக்கச் சொல்லிவிட்டு டீ குடித்து வந்தாலும் அது திறந்திருக்காது. யாரோ சொன்னதைக் கேட்டு, சென்னை ரிச்சி தெருவிலிருந்து செகண்ட்ஹேண்டில் ஒரு கோர் 2 டுயோ இ8400 வாங்கிவந்து மாட்டினான். கச்சிதமாக உட்கார்ந்தது. ஃபேனும் சுற்றியது. திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை.

"கடைக்காரன் ஏமாத்திட்டான் மாமா" என்று என்னிடம் வந்து நின்றான். பெட்டியோடு அவனையும் பஸ்ஸில் ஏற்றி நண்பரிடம் கூட்டிப்போனேன்.

நண்பர் பக்கத்து மூடியைக் கழற்றினார். உள்ளே கரிசல் புழுதி அப்பிக் கிடந்தது. பிரஷ்ஷால் தட்டித் துடைத்துவிட்டு, டார்ச்சை அடித்து போர்டில் அச்சடித்திருந்த எண்ணை வாசித்து நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகுதான் பேசினார்.

"தம்பி, கடைக்காரர் மேல குத்தமில்ல. சிப்பு நல்ல சிப்பு. உன் போர்டும் நல்ல போர்டு. ரெண்டுக்கும் ஒத்துவராது, அவ்வளவுதான்."

இன்டெல் 2004ல் கொண்டுவந்த எல்ஜிஏ 775 சாக்கெட்டில் பென்டியம் 4, பென்டியம் டி, கோர் 2 டுயோ, கோர் 2 குவாட் எல்லாமே உட்காரும். ஆனால் உட்காருவது வேறு, ஓடுவது வேறு. போர்டின் சிப்செட் ப்ராசஸரின் பஸ் வேகத்துக்கு ஈடுகொடுக்க வேண்டும். போர்டிலுள்ள மின்சுற்று அந்த ப்ராசஸர் கேட்கும் வோல்டேஜைத் தர வேண்டும். பயாஸ் என்ற, போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருளுக்கு அதை அடையாளம் தெரிய வேண்டும். தம்பியின் போர்டு 945 சிப்செட். அதன் பஸ் வேகம் 1066 வரைதான். இ8400 கேட்பதோ 1333.

நண்பரின் டப்பாவில் 2006ல் வந்த கோர் 2 டுயோ இ6300 ஒன்று கிடந்தது. போர்டு தயாரித்த கம்பெனி வெளியிட்ட பட்டியலில் அதன் பெயர் இருந்தது. பயாஸை மட்டும் புதுப்பிக்க வேண்டும். அதற்காகப் பழைய பென்டியம் 4ஐயே திரும்ப மாட்டினார். தெரிந்த ப்ராசஸர் இருந்தால்தானே கம்ப்யூட்டர் ஓடும், பயாஸை எழுத முடியும்? அது சென்னைக்கு வெளியே தினமும் பல மணி நேரம் மின்வெட்டு இருந்த காலம். பயாஸ் எழுதும் நேரத்தில் கரண்ட் போனால் போர்டு செத்துவிடும். கரண்ட் வந்து, யூபிஎஸ் முழுக்கச் சார்ஜ் ஏறும்வரை அவர் அதைத் தொடவே இல்லை. தம்பி துடித்துக்கொண்டிருந்தான். அவர் டீ வாங்கிக் கொடுத்து, அவன் தொழிலைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார்.

இருட்டிய பிறகு வேலை முடிந்தது. பயாஸை எழுதி, இ6300ஐ வைத்து, அதன் மேல் உளுந்தளவு தெர்மல் பேஸ்ட் வைத்து, ஹீட்சிங்க்கின் நாலு மூலையையும் அழுத்திப் பூட்டினார். 512 எம்பி ராமை 2 ஜிபி ஆக்கினார். திரை வந்தது. கடைசியாக, போர்டின் எண்ணையும் பயாஸ் பதிப்பையும் ஒரு சீட்டில் எழுதிக் கேபினட்டின் உள்பக்கம் ஒட்டினார். "அடுத்தாப்ல திறக்கிறவன் தேடி அலைய வேண்டாம்ல" என்றார். முகம் தெரியாத ஒருவனுக்காக அவர் செய்த அந்தச் சின்ன உபகாரத்தை நான் மறக்கவில்லை.

அதன்பின் சாக்கெட்டுகள் பல வந்துபோயின, விஷயம் மட்டும் மாறவில்லை. 2015ல் வந்த எல்ஜிஏ 1151 சாக்கெட்டையே 2017ல் எட்டாம் தலைமுறைக்கும் இன்டெல் வைத்துக்கொண்டது. ஆனாலும் பழைய 100, 200 வரிசை போர்டுகளில் அது ஓடாது என்று சொல்லிவிட்டது. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் பல தலைமுறைகளுக்கு இடம் கொடுத்தது உண்மைதான். அங்கும் பயாஸைப் புதுப்பிக்காமல் கதை நடக்காது. இதில் விண்டோஸும் சேர்ந்துகொள்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11, இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ கேட்கிறது. ஏழாம் தலைமுறைக் கம்ப்யூட்டரில் ப்ராசஸரை மட்டும் மாற்றித் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டு நல்ல பொருள்கள் ஒன்றோடொன்று ஒத்துவராமல் போகலாம். அதனால் இரண்டில் எதுவும் மட்டமாகிவிடாது. மனிதர்களிடமும் இதைப் பார்த்திருக்கிறேன். கெட்டிக்காரர் ஒருவர் புது வேலையில் தடுமாறினால், ஆளைக் குறை சொல்வதற்கு முன் அந்த இடம் அவருக்கு என்ன கொடுத்தது என்றும் பார்க்க வேண்டும்.

ஆகவே, பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களே, முதலில் பெட்டியைத் திறந்து தூசியைத் துடையுங்கள். போர்டின் எண்ணைக் குறித்துக்கொண்டு, அது எந்தெந்த ப்ராசஸரை ஏற்கும் என்ற பட்டியலைப் பாருங்கள். பல நேரம் கொஞ்சம் ராமும் ஒரு எஸ்எஸ்டியும் போட்டாலே போதும். ப்ராசஸரைத் தொடவே வேண்டியிருக்காது.